17-வது கிலோமீட்டரில் விழுந்த மனிதன்



இந்த மாதம் வேறொரு பொருளைப் பற்றி எழுதலாம் என்றுதான் குறிப்பெல்லாம் எடுத்து வைத்திருந்தேன். பேனாவை எடுத்தால் இந்தக் காரியம்தான் முன்னால் வந்து நிற்கிறது. 2023 டிசம்பரிலிருந்து மனதுக்குள் கிடந்து உறுத்துகிறது. பிரசங்க பீடத்தில் சொல்ல எனக்குத் தைரியம் வரவில்லை. எழுதிவிடுகிறேன்.

நான் ஓட ஆரம்பித்தது ஆவிக்குரிய காரணத்துக்காக ஒன்றுமில்லை. சர்க்கரை 240 இருக்கிறது, நடங்கள் என்று டாக்டர் சொன்னார். பனியன் கம்பெனியில் லைன் சூப்பர்வைசர் வேலை, மீதி நேரம் ஊழியம். நடக்க நேரம் ஏது? விடியற்காலை ஜெபத்தை முடித்துவிட்டுச் சிக்கண்ணா கல்லூரி மைதானத்துக்குப் போவேன். நடை மெதுவாய் ஓட்டமாயிற்று. நாற்பது வயதுக்குமேல் ஓடுகிறவனைப் பார்த்து நாய்தான் முதலில் குரைக்கும், பிறகு பழகிவிடும்.

எங்கள் சபை வாலிபத் தம்பி ஒருவன், "பாஸ்டர் அண்ணா, கோயமுத்தூர் மாரத்தான்ல பேரு குடுத்துடலாங்களா?" என்று கேட்டான். அந்த ஓட்டம் 2013-ல் தொடங்கியது. புற்றுநோயாளிகளுக்கு உதவுகிற கோயமுத்தூர் கேன்சர் பவுண்டேஷனுக்காக நடத்தப்படுவது. முழு மாரத்தான் என்றால் 42.195 கிலோமீட்டர். 1908 லண்டன் ஒலிம்பிக்கில் ஓடிய தூரம் அது, 1921-ல் அதையே உலகம் முழுவதற்கும் நிலையாக வைத்துவிட்டார்கள். நான் பேர் கொடுத்தது அதில் பாதி, 21.1 கிலோமீட்டர்.

ஞாயிற்றுக்கிழமை ஓடலாமா பாஸ்டர் என்று கேட்டவர்கள் உண்டு. நியாயமான கேள்விதான். ஸ்காட்லாந்து தேசத்து எரிக் லிடெல் 1924 பாரிஸ் ஒலிம்பிக்கில் 100 மீட்டர் தகுதிச்சுற்று ஞாயிற்றுக்கிழமை வருகிறது என்று ஓட மறுத்தவர். அதே ஒலிம்பிக்கில் 400 மீட்டரில் தங்கம் வாங்கினார். பிறகு சீனாவில் மிஷனெரியாய் இருந்து 1945-ல் ஜப்பானியர்களுடைய சிறைமுகாமில் மரித்தார். அவருடைய மனச்சாட்சிக்கு முன்னால் நான் சின்னவன். ஓட்டம் காலை 5 மணிக்கு, ஆராதனை 10 மணிக்கு, அதற்குள் திருப்பூர் வந்துவிடலாம் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். இந்தக் கணக்கை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வருகிறது.

அன்றைக்கு அங்கே இருந்த சந்தோஷத்தையும் சொல்ல வேண்டும். இருட்டில் ஆயிரக்கணக்கான ஜனங்கள். வலி மருந்து ஸ்பிரே வாசனை. முன்பின் தெரியாதவர்கள் தோளைத் தட்டி, "பர்ஸ்ட் டைமுங்களா? ஆரம்பத்துல வேகம் வேண்டாமுங்க" என்கிறார்கள். கொடுத்த டி-ஷர்ட்டை என் கை தன்னாலே திருப்பி உள்தையலைப் பார்த்தது. தொழில் புத்தி! பாலியஸ்டர் துணி, பேட்லாக் தையல், தோலில் உரசாது. நம்ம ஊர் காட்டன் வியர்வையைக் குடித்துக் கனத்துப்போகும், தூர ஓட்டத்துக்கு ஆகாது. மார்பில் குத்துகிற நம்பர் அட்டையிலேயே ஒரு சிப் இருக்கிறது. தரையில் விரித்த பட்டையைத் தாண்டும்போது நேரத்தைப் பதிந்துவிடும். மாடியிலிருந்து தாத்தா பாட்டிகள் கை தட்டுகிறார்கள். ஒரு குழந்தை நீட்டிய கையில் என் கையைத் தட்டிவிட்டு ஓடினபோது எனக்குக் கண் கலங்கிற்று. அப்படி யாரும் எனக்காகக் கை தட்டினதில்லை.

ஒவ்வொரு நேரத்துக்கும் ஒருவர் கொடி பிடித்துக்கொண்டு ஒரே வேகத்தில் ஓடுவார். அவரைத் தொடர்ந்தால் அந்த நேரத்தில் முடிக்கலாம். நான் 2 மணி 30 நிமிஷக் கொடியைப் பிடித்துக்கொண்டேன். அந்த எண்ணை எனக்கு யாரும் கொடுக்கவில்லை. மைதானத்தில் கூட ஓடுகிற ஒருவர் முந்தின வருஷம் 2 மணி 34 நிமிஷத்தில் முடித்திருந்தார், அவ்வளவுதான் விஷயம்.

17-வது கிலோமீட்டர். மணி ஏழு இருக்கும். எனக்கு இருபதடி முன்னால் ஓடிக்கொண்டிருந்த மனுஷன் தள்ளாடினார், ஓரமாய்ப் போனார், அப்படியே சரிந்து விழுந்தார். ஐம்பது வயது இருக்கும். கண் பாதி திறந்திருந்தது. நான் பார்த்தேன். அவரும் என்னைப் பார்த்தார் என்றுதான் நினைக்கிறேன். கொடி முன்னால் போய்க்கொண்டிருந்தது. நான் ஒரு எட்டு வலதுபக்கம் விலகி, ஓடினேன்.

நூறு அடி தாண்டித் திரும்பிப் பார்த்தேன். ரோடு கூட்டிக்கொண்டிருந்த ஒரு அம்மா துடைப்பத்தைப் போட்டுவிட்டு ஓடிவந்து, தன் பாட்டில் தண்ணீரை அவர் முகத்தில் தெளித்துக்கொண்டிருந்தாள். மறுபடி கொடியைப் பார்த்தேன்.

2 மணி 28 நிமிஷத்தில் முடித்தேன். கழுத்தில் மெடல் போட்டார்கள். பஸ் ஏறி 9 மணிக்கெல்லாம் திருப்பூர் வந்து சேர்ந்துவிட்டேன். கணக்கைப் பார்த்தீர்களா? 20 நிமிஷம் நின்றிருந்தாலும் ஆராதனைக்கு ஒரு குறையும் வந்திருக்காது. அந்த மனுஷனைத் தாண்டும்போது என் மனதில் ஓடிய சாக்கு ஆராதனைதான். உண்மையான காரணம் 2 மணி 30.

லூக்கா 10-ம் அதிகாரத்தில், எரிகோவுக்குப் போகிற வழியில் அடிபட்டுக் கிடந்தவனை ஆசாரியன் கண்டு விலகிப்போனான். அந்தப் பாதை ஏறத்தாழ 27 கிலோமீட்டர், அரை மாரத்தானைவிடக் கொஞ்சம் அதிகம். அந்த ஆசாரியனைப் பீடத்தில் நின்று நான் எத்தனை தடவை கிழித்திருப்பேன்! கல்நெஞ்சன், மாய்மாலக்காரன் என்று. எனக்குக் கல்நெஞ்சு இல்லை, பிரியமானவர்களே. ஆஸ்பத்திரி ஊழியத்துக்கு வாரம் தவறாமல் போகிறவன். அப்படியிருக்க, 17-வது கிலோமீட்டரில் நடந்தது என்ன?

நானே எனக்கு வக்கீலாய் வாதாடிப் பார்த்தேன். ஓட்டத்துக்கென்று மருத்துவக் குழு இருக்கிறது, ஆம்புலன்ஸ் இருக்கிறது. நான் டாக்டர் இல்லை, தெரியாமல் தொட்டு ஏதாவது ஆகிவிட்டால்? ஆனால் மருத்துவக் குழு அவர் விழுந்த இடத்தில் இல்லை, நான் இருந்தேன். அவர்களுக்குச் சொல்லி அனுப்பவாவது ஒரு ஆள் வேண்டும். இருதயம் நின்றுபோனால், நெஞ்சை அழுத்துகிற முதலுதவி தாமதமாகும் ஒவ்வொரு நிமிஷத்துக்கும் பிழைக்கிற வாய்ப்பு 7 முதல் 10 சதவீதம் குறைகிறதாம். உஷ்ணம் தலைக்கேறி விழுந்தவருக்கு அரைமணி நேரத்துக்குள் உடம்பைக் குளிரவைத்தால்தான் பிழைப்பு. டாக்டர் செய்ய வேண்டியது பிறகு, அதற்கு முன்னால் சும்மா ஒரு மனுஷன் செய்ய வேண்டியது இருக்கிறது. பயத்துக்கும் இடமில்லை. சாலை விபத்தில் உதவி செய்கிறவர்மேல் வழக்கு வராதபடி 2019-ல் மோட்டார் வாகனச் சட்டத்தில் 134ஏ என்ற பிரிவையே சேர்த்திருக்கிறார்கள். இது ஓட்டத்தில் விழுந்தவருக்கான சட்டமில்லை, தெரியும். அதில் உதவுகிறவனுக்கு வைத்திருக்கிற பேர் என்ன தெரியுமா? நல்ல சமாரியன்! பாராளுமன்றத்துக்கே தெரிந்த பேர் எனக்கு அன்றைக்கு ஞாபகம் வரவில்லை.

பிற்பாடு ஒரு ஆராய்ச்சியைப் பற்றி வாசித்தேன். அமெரிக்காவில் ஜான் டார்லி, டேனியல் பேட்சன் என்ற இருவர் 1973-ல் வெளியிட்டது. பிரின்ஸ்டனில் ஊழியத்துக்குப் படிக்கிற மாணவர்கள் 40 பேரை ஒவ்வொருவராய் அடுத்த கட்டடத்துக்குப் போய்ப் பேசச் சொல்லி அனுப்பினார்கள். சிலருக்குத் தலைப்பே நல்ல சமாரியன் உவமைதான். போகிற வழியில் ஒரு ஆள் குனிந்து சுருண்டு, இருமி முனகிக்கொண்டு உட்கார்ந்திருப்பான். அது ஏற்பாடு என்று மாணவர்களுக்குத் தெரியாது. நேரம் இருக்கிறது என்று சொல்லி அனுப்பப்பட்டவர்களில் 63 சதவீதம் பேர் உதவினார்கள். நேரத்துக்குச் சரியாய் அனுப்பப்பட்டவர்களில் 45. ஏற்கெனவே லேட், ஓடு என்று விரட்டப்பட்டவர்களில் வெறும் 10. நல்ல சமாரியனைப் பற்றிப் பேசப் போனவர்களா, வேறு விஷயம் பேசப் போனவர்களா என்பது பெரிய வித்தியாசம் செய்யவில்லை. அந்த உவமையைப் பேச ஓடிய சிலர் விழுந்துகிடந்தவனைத் தாண்டியே போயிருக்கிறார்கள்.

வாசித்தவுடன் எனக்கு ஆறுதலாய் இருந்தது, உள்ளதைச் சொல்கிறேன். ஆக, குற்றம் என் இருதயத்தில் இல்லை, அவசரத்தில்! அந்த ஆறுதல் இரண்டு நாள் நின்றது. மூன்றாம் நாள் கம்பெனியில் உடைந்தது.

ஷிப்மெண்ட் வாரம். தூத்துக்குடிக்கு லாரி ஏற்ற வேண்டும். எல்லோரும் ஒன்றரை ஷிப்டு. ஓவர்லாக் மிஷினில் ஒடிசாப் பிள்ளை ஒருத்தி தலை சாய்ந்து பீஸ் மேலேயே விழுந்துவிட்டாள். காலையிலிருந்து சாப்பிடவில்லையாம். பக்கத்து மிஷின்கள் நிற்கவில்லை. திரும்பிப் பார்த்தார்கள், தைத்தார்கள். கைமடிக்கிற அம்மா ஒருத்திதான் எழுந்து ஓடினாள். நான் வந்து, "ஏம்ப்பா, மனசாட்சி இல்லையா உங்களுக்கு?" என்று சத்தம் போட்டேன். ஒரு டெய்லர் தலை நிமிராமலே சொன்னார்: "ஐயா, பீஸ் கணக்கு சாயந்தரம் நீங்கதான கேப்பீங்க?"

வாயடைத்துப் போனேன். கைமடிக்கிறவளுக்கு ஷிப்டுக் கூலி, அவளுக்குப் பீஸ் கணக்கு இல்லை. மற்றவர்களுக்கு அவசரத்தைக் கையில் கொடுத்தவன் நான். பிரின்ஸ்டன் மாணவர்களுக்கும் லேட், ஓடு என்று ஒருவர் சொல்லி அனுப்பினார். என்னை மாரத்தானில் விரட்டினது யார்? ஒருவருமில்லை, என் கையில் கட்டின வாட்ச். அப்படியானால் அவசரத்தைச் சுமக்கிறவனிடமும், அதை உண்டாக்குகிறவனிடமும் ஒரே கணக்கையா கேட்பது? அந்த டெய்லரிடம் கேட்கிற கணக்கைவிட என்னிடம் இரண்டு மடங்கு கேட்க வேண்டும். ஒன்று ரோட்டில் நானே எனக்கு உண்டாக்கினது, மற்றது லைனில் நான் இருபது பேருக்கு உண்டாக்கினது. மேலே இருந்து எனக்கும் ஒருவர் உண்டாக்குகிறார், அவருக்கு எங்கேயோ கடல் தாண்டி ஒருவர். சங்கிலி நீளம். அதில் என் கண்ணியை மட்டும்தான் என்னால் தொட முடியும்.

மறுபக்கமும் ஒன்று உண்டு. எல்லோருக்காகவும் நிற்கிறவன் ஓட்டத்தை முடிக்க முடியுமா? அதே 1908 லண்டனில் இத்தாலியர் டொராண்டோ பியெத்ரி முதலாவதாய் ஸ்டேடியத்துக்குள் வந்து, மயங்கி மயங்கி விழுந்தார். பார்த்துப் பொறுக்காமல் அதிகாரிகள் தூக்கிவிட்டுக் கோட்டைத் தாண்ட உதவினார்கள். உதவி பெற்றார் என்பதற்காகவே தங்கம் அவரைவிட்டு அமெரிக்கர் ஜானி ஹேய்ஸுக்குப் போயிற்று. மறுநாள் ராணி அலெக்சாண்டிரா இரங்கி ஒரு கோப்பை கொடுத்தார். உதவி செய்தவர்கள் தப்புச் செய்தார்களா? கீழே கிடக்கிறவனை எப்படிப் பார்த்துக்கொண்டிருப்பது என்று எனக்குத் தோன்றுகிறது. ஆனாலும் அவர் உழைப்பை அழித்தது அந்த இரக்கம்தான். ஊரார் வீட்டுச் சண்டையெல்லாம் தீர்க்கப் போய்ச் சொந்தப் பிள்ளைகளைக் கோட்டைவிட்ட ஊழியக்காரர்களை நான் பார்த்திருக்கிறேன். எல்லைக்கோட்டை எங்கே போடுவது என்று என்னிடம் சூத்திரம் இல்லை. ஆனால் 17-வது கிலோமீட்டரில் நான் நின்றிருக்க வேண்டும். இதற்குச் சூத்திரம் தேவையில்லை.

இவ்வளவு யோசித்தும் எனக்கு விளங்காத ஒருத்தி இருக்கிறாள். ரோடு கூட்டின அந்த அம்மா. அவளுக்கு மட்டும் அவசரம் இல்லையா? மேஸ்திரி வருவதற்குள் அந்த வீதியை முடித்தாக வேண்டும். என் அவசரத்துக்கு அவசரமே காரணம் என்றால், அவள் துடைப்பத்தைப் போட்டதற்கு எது காரணம்? விரட்டப்பட்டும் நின்ற அந்த 10 சதவீதத்தில் அவள் ஒருத்தி. பேர் கேட்க நான் நிற்கவில்லை. விழுந்தவர் எப்படியானார் என்று கேட்கவும் நிற்கவில்லை.

கம்பெனியில் இப்போது சாப்பாட்டு இடைவேளையில் மிஷின் மெயினை நானே ஆஃப் செய்துவிடுகிறேன். இரண்டு முறை மேலிடத்தில் திட்டு வாங்கியாயிற்று. ஷிப்மெண்ட் வாரத்தில் மறுபடியும் கணக்குக் கேட்கத்தான் செய்கிறேன், மறைக்க மாட்டேன்.

2024 டிசம்பரில் திரும்பவும் ஓடப் போனேன். ஆராதனையை ஆரம்பிக்க மூப்பரிடம் சொல்லிவிட்டு, வாட்சைக் கழற்றி வீட்டம்மாவிடம் கொடுத்துவிட்டுப் போனேன். "இதென்ன புதுசா?" என்றாள். கொடி பிடித்தவர் யாரையும் தொடரவில்லை. இரண்டு கண்ணும் ரோட்டோரத்தைத்தான் தேடிற்று. ஒருவரும் விழவில்லை! 15 கிலோமீட்டர் தாண்டி ஒரு வாலிபன் டிவைடரில் உட்கார்ந்து ஆடுசதையைப் பிடித்துக்கொண்டிருந்தான். ஓடிப்போய்க் காலை நீட்டச்சொல்லி, பாதத்தைப் பிடித்து அவன் பக்கமாய் அழுத்தி, தண்ணீர் கொடுத்து, தோள் கொடுத்து நிற்கவைத்தேன். ஏழெட்டு நிமிஷம் ஆகியிருக்கும். இரண்டு எட்டு வைத்துப் பார்த்தான். "தேங்க்ஸுங்கண்ணா" என்றான். பிறகு பிடித்தான் பாருங்கள் ஓட்டம், வளைவில் திரும்பி மறைகிற வரைக்கும் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு தடவைகூடத் திரும்பிப் பார்க்கவில்லை. நான் முடித்தபோது 3 மணி 4 நிமிஷம்.