ஓதுவோரும் ஊட்டுவோரும்



கல்வியானது தனியொருவன் முயற்சியால் அடையப்பெறுவது என்று பலரும் கருதுகின்றனர். சாசனத்தின் வரலாறோ அவ்வாறு கூறவில்லை. பகவான் பரிநிர்வாணம் எய்திய பின்னர் இராசகிருகத்தில் 500 பிக்குகள் கூடினர். உபாலி தேரர் விநயத்தையும் ஆனந்த தேரர் தருமத்தையும் எடுத்துரைக்க, சபையோர் அனைவரும் சேர்ந்தோதி ஏற்றுக்கொண்டனர். ஆனந்தருடைய நினைவாற்றல் அளவிடற்கரியது. அத்தகையவருடைய நினைவொன்றையே நம்பியும் தருமத்தை அவர்கள் விட்டுவைக்கவில்லை!

தருமம் ஏட்டில் ஏறாதிருந்த நூற்றாண்டுகளில் பாணகர் என்னும் ஓதுவோர் குழுக்கள் அதனைக் காத்தன. தீக நிகாயத்தை ஒரு குழுவினரும் மச்சிம நிகாயத்தை மற்றொரு குழுவினரும் தம் பொறுப்பாகக் கொண்டனர். பலர் ஒருங்கே ஓதுமிடத்தில் ஒருவன் ஒரு சொல்லை விழுங்கினால், பக்கத்திலிருப்பவன் குரலே அவனைத் திருத்திவிடும். புதிதாக வந்தவன் மூத்தோர் குரலைப் பற்றிக்கொண்டே நடை பயில்வான். அங்கே மாணவனும் ஆசிரியனுக்குக் காவல்.

அக்காவலும் ஒருகாலத்தில் தளர்ந்தது. கி.மு. முதல் நூற்றாண்டில், வட்டகாமணி அபயன் காலத்தில், இலங்கையில் கொடும்பஞ்சம் நேர்ந்தது. சோறிடுவார் கை ஓயவே, ஓதுவார் குரலும் ஓய்ந்தது. மகாநித்தேசம் என்னும் நூலை முற்றும் அறிந்தவர் ஒரே ஒரு பிக்குவாக எஞ்சினார் என்று விநய உரை கூறுகின்றது. அவரோ ஒழுக்கம் குன்றியவர் எனப் பெயர் பெற்றவர். மகாரட்சித தேரர் அவரிடம் செல்லத் தயங்கினார். பெரியோர் வற்புறுத்தவே, சென்று கற்றார். அவரிடமிருந்து ஏனையோர் கற்றனர். ஒரு நூல் முழுவதும் ஒருவர் மூச்சில் தொங்கிய அந்நாளை எண்ணினால் இன்றும் நெஞ்சம் நடுங்குகின்றது. அந்நூற்றாண்டிலேயே திரிபிடகத்தை ஏட்டில் எழுதிவைத்தனர் என்பதில் வியப்பென்ன?

சோறிடுவார் என்றேன். நாளந்தாவின் புகழைப் பேசுவோர் இவர்களை மறந்துவிடுகின்றனர். நம் காஞ்சியிற் பிறந்த தருமபாலர் அங்கே ஆசிரியராக விளங்கினார்; அவர் மாணாக்கர் சீலபத்திரரிடம் ஏழாம் நூற்றாண்டில் யுவான் சுவாங் பயின்றார். அக்கழகத்துக்கு ஏறத்தாழ 100 ஊர்களின் வருவாய் விடப்பட்டிருந்தது; நாள்தோறும் 200 குடும்பத்தார் அரிசியும் வெண்ணெயும் பாலும் கொணர்ந்தனர் என்று யுவான் சுவாங்கின் வரலாறு கூறுகின்றது. அதனாலன்றோ கற்போர் உணவு தேடி அலையாது கற்றனர்! பால் கொணர்ந்தவர் பெயரை எவரும் எழுதிவைக்கவில்லை. ஆயினும் அவரும் நாளந்தாவைச் சேர்ந்தவரே.

பாபாசாகேப் அம்பேத்கரும் 1945-இல் மக்கள் கல்விக் கழகத்தை முதற்கண் நிறுவி, 1946-இல் பம்பாயில் சித்தார்த்தா கல்லூரியைத் தொடங்கினார்.

நம் இல்லங்களில் முதன்முதலாகப் பள்ளிப்படி ஏறிய பிள்ளைகள் பலர் உளர். கணக்கிலோ ஆங்கிலத்திலோ ஐயம் எழுந்தால் கேட்பதற்கு வீட்டில் ஆளில்லை. ஆசிரியரிடம் கேட்க அஞ்சி, சில மாதம் தடுமாறி, பின்னர்ப் படிப்பை நிறுத்திவிடுகின்றனர். இதனை அறிவின் குறையென்று ஊரார் பேசுவது எத்துணைக் கொடுமை! ஐயம் தீர்க்க ஒருவர் அருகிலிருந்தால் போதுமன்றோ? பத்தாம் வகுப்பைக் கடந்த இளைஞரே, மாலையில் ஒருமணி நேரம் சங்க மண்டபத்தில் வந்தமருங்கள். பொருள் உள்ளோர் பிள்ளைகளுக்குச் சிற்றுண்டி அளிக்கலாம். எழுத்தறியாத தாய்மார்களுக்கு இங்கு என்ன வேலை என்று வினவாதீர். பல்லாண்டு பஞ்சசீலம் கேட்டுப் பழகிய அவர்கள் செவி கூரியது. பிள்ளை ஓதும்போது ஒரு சொல் தவறினால் முதலில் தலைநிமிர்பவர் அவர்களே.