சமாதானத்திற்குப் பின்னும் சினம்

பாகப்பிரிவினையால் பல்லாண்டுகள் பேசாதிருந்த அண்ணன் தம்பியர், தந்தையின் முப்பதாம் நாள் திருப்பலியில் கைகோத்து நிற்பதைப் பங்குகளில் நாம் காண்கிறோம். ஊரே மகிழ்கிறது. அடுத்த வாரம், பங்காளிகளின் பொதுக் கிணற்றைக் கடக்கையில் பழைய சொல்லொன்று நினைவில் எழ, நெஞ்சு மீண்டும் கொதிக்கிறது. “அப்படியானால் நான் மன்னித்தது பொய்தானா? இந்த நெஞ்சோடு நற்கருணை வாங்கலாமா?” என நல்ல மனத்தவர் கலங்குகின்றனர். கலங்காதவர்களைப் பற்றி வேறொரு நாள் எழுதலாம்.

மன்னிப்பு சித்தத்தின் செயல்; சினமோ உணர்ச்சி. உணர்ச்சி தன்னிலே நன்மையுமன்று, தீமையுமன்று. சித்தம் அதை எவ்வழி நடத்துகிறது என்பதே கணக்கு. 1992-இல் வெளியான கத்தோலிக்கத் திருச்சபையின் மறைக்கல்வி நூலும், பட்ட காயத்தை உணராதிருப்பதோ மறப்பதோ நம் ஆற்றலுக்கு உட்பட்டதன்று என ஒப்புக்கொள்கிறது. ஒப்புரவு அருட்சாதனத்தையே எண்ணிப் பார்ப்போம். பாவமன்னிப்பு அளிக்கும் குரு பரிகாரமும் விதிக்கிறார். குற்றம் அகன்றாலும், அது விளைவித்த சீர்கேடு உடனே அகல்வதில்லை என்பதனாலன்றோ?

யோசேப்பு தம்மை விற்ற சகோதரரை எகிப்தில் முத்தமிட்டு அழுதார். அதன்பின் யாக்கோபு அந்நாட்டில் வாழ்ந்தது 17 ஆண்டுகள். அவர் இறந்ததும், யோசேப்பு இனிப் பழிதீர்ப்பாரோ என்று சகோதரர் அஞ்சி ஆளனுப்பினர். 17 ஆண்டுகள் அவர் கையால் உண்டும் அந்த அச்சம் போகவில்லை! அது கேட்டு யோசேப்பு மீண்டும் அழுதார். அவர்கள் செய்தது தீமையே என்பதை அவர் மூடி மறைக்கவில்லை; தீர்ப்பைக் கடவுளிடம் விட்டு, அவர்களையும் அவர்கள் பிள்ளைகளையும் தாமே பேணுவதாக வாக்களித்தார். பிள்ளைகளை அவர் தனியே குறித்ததை நாம் கவனிக்க வேண்டும்.

சினம் தானாக வருவது ஒன்று. அதற்குத் திண்ணையில் பாய் விரிப்பது மற்றொன்று. “உன் பெரியப்பா அன்று என்ன சொன்னார் தெரியுமா?” என்று மாலைதோறும் தொடங்கினால், சண்டையைக் கண்ணால் காணாத தலைமுறைக்கு அதைச் சீதனமாகக் கொடுக்கிறோம். பாவம் புகுவது இங்கேதான். கிணற்று நீரின் முறையை எழுதிப் பதிந்து வைப்பதில் குற்றமில்லை. அது மன்னிப்புக்கு எதிரானதுமன்று. கதையை நிறுத்துவது நம் கையில் இருக்கிறது. சினம் எழும்போது அந்த மனிதருக்காக ஓர் அருள்நிறைந்த மரியே செபம் சொல்லலாம். முதல் நாள்களில் பல்லைக் கடித்துக்கொண்டுதான் வரும். அதுவும் செபமே. கிறிஸ்து பிறப்பன்று பலகாரத் தட்டோடு அவ்வீட்டுப் படியேற நமக்கு மனம் வராவிடில், பிள்ளைகளாவது எடுத்துச் செல்லட்டும்.