திரும்பி வரும் உரிமை

ஐப்பசி மாதத்து ஞாயிற்றுக்கிழமை. திருவண்ணாமலை மாவட்டத்துப் பர்வதமலையில், கடப்பாறைப் படிகளுக்குக் கீழே நான்கு பெண்கள் நின்றுகொண்டிருந்தோம். பாறையில் அடித்திருக்கும் இரும்புக் கம்பிகளையும் சங்கிலியையும் பிடித்து ஏறிவிட்டால் உச்சியில் மல்லிகார்ஜுனர் கோயில். வானம் கறுத்து, முதல் இடி கேட்டது. எங்களில் மூத்தவர் ஓய்வுபெற்ற செவிலியர், எல்லோருக்கும் அக்கா. ஈரச் சங்கிலியைத் தொட்டுப் பார்த்துவிட்டு, “இன்னிக்கு வேணாம், இறங்குவோம்” என்றார். இளையவள் மட்டும் தயங்கினாள். “இன்னொரு தடவை வீட்டுல விடுவாங்களான்னு தெரியலக்கா.”

இறங்கினோம். ஊர் வந்து சேர்வதற்குள் தொப்பலாக நனைந்திருந்தோம். இரவு தொலைபேசியில் என் அம்மா சொன்னார்: “நான்தான் அப்பவே வேணாம்னு சொன்னேனே.”

அக்கா சொன்னதும் ‘வேணாம்’. அம்மா சொன்னதும் ‘வேணாம்’. ஒன்றுக்கு மனமொப்பிக் கட்டுப்பட்டேன். மற்றதை விவரம் தெரிந்த நாளிலிருந்து எதிர்த்து வருகிறேன். இரண்டுக்கும் உள்ள வேறுபாடு என்ன என்ற கேள்வி பல நாள் என்னை விடவில்லை.

ஆறு ஆண்டுகளாக, விடியலில் ஏறி மாலைக்குள் இறங்கிவிடும் மலைகளுக்கு நாங்கள் போய் வருகிறோம். ஒரே மலை ஒவ்வொரு பருவத்திலும் வேறு மலையாகிவிடுகிறது. மார்கழியில் மூடுபனி பாதையின் அடுத்த வளைவை மறைக்கும். வெயில் வரும்வரை உட்கார்ந்திருக்க வேண்டும். பங்குனியில் புல் காய்ந்து கிடக்கும், பாறை முற்பகலிலேயே சுடும், தூக்கிப்போன தண்ணீர் பாதி வழியில் தீரும். ஆடியில் காற்று ஆளைத் தள்ளும். ஐப்பசி கார்த்திகையில், காலையில் செருப்போடு தாண்டிய ஓடை மாலையில் இடுப்பளவு ஓடும். மலையும் நம்மை மறுக்கிறது. ஆனால் அது மறுக்கும் காரணம் கண்ணெதிரே இருக்கிறது. ஆணுக்கும் பெண்ணுக்கும் அது ஒன்றுதான். பருவம் மாறினால் அந்த மறுப்பும் விலகிவிடுகிறது.

வீட்டின் மறுப்பு இப்படிப்பட்டதா? குறிஞ்சித் திணை நடத்தும்போதெல்லாம் இது நினைவுக்கு வருகிறது. கூதிரும் முன்பனியும் குறிஞ்சிக்குப் பெரும்பொழுது. அந்த மழையிருட்டில் மலைவழியே நடந்து வருபவன் தலைவன். அவன் வரும் வழியை எண்ணி வீட்டுக்குள் அஞ்சுபவள் தலைவி. அந்த அச்சத்துக்கு ‘ஆறுபார்த்துற்ற அச்சம்’ என்று பெயர்கூட வைத்திருக்கிறோம். அவளும் மலையில் இருந்தவள்தான். தினைப்புனத்தில் பரண்மேல் நின்று கிளி ஓட்டியவள். கதிர் கொய்ததும் அவளை வீட்டுக்குள் வைத்துவிடுவார்கள். அது இற்செறிப்பு. அதை இருபது ஆண்டுகளாக வினாத்தாளில் கேட்டு வந்திருக்கிறேன். தினையை முற்ற வைத்தது பருவம். அவளை உள்ளே வைத்தது மனிதர்கள். பருவத்தைக் காரணம் காட்டி அவளது மலையை மூடிவிட்டார்கள் என்பது நானே மலையேறத் தொடங்கிய பிறகுதான் எனக்கு உறைத்தது.

2018 மார்ச் 11 அன்று தேனி மாவட்டக் குரங்கணியில், மலையேறச் சென்றவர்கள் காட்டுத்தீயில் சிக்கினார்கள். 20க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள்; அவர்களில் இளம்பெண்கள் பலர். எங்கள் ஆசிரியர் அறையில் ஒருவர் கேட்டார்: “பொம்பளப் பிள்ளைங்களுக்கு மலையில என்ன வேலை?” அந்தத் தீயில் ஆண்களும் இறந்தார்கள். அவர்களுக்கு அங்கே என்ன வேலை என்று அவர் கேட்கவில்லை. காடு காய்ந்து கிடக்கும் மாதத்தில் யாரையும் ஏன் மேலே விட வேண்டும் என்பதுதான் கேட்டிருக்க வேண்டிய கேள்வி. இப்போது தமிழ்நாடு வனத்துறை தீ பரவும் காலத்தில் மலையேற்றப் பாதைகளை மூடுகிறது. அந்தத் தடை எல்லோருக்குமானது. அதை மதிக்கிறேன்.

தமிழுக்கு முதல் இலக்கணம் தந்தவர் என்று மரபு சொல்லும் அகத்தியரின் மலையில் நடந்தது வேறு. கேரளப் பக்கமிருந்து ஏறும் வழியில் பெண்களை உச்சிக்கு விடாமல் இருந்தார்கள். 2018 நவம்பரில் கேரள உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்த பிறகு, 2019 ஜனவரியில் பெண்கள் ஏறினார்கள். அங்கே வாழும் காணி மக்கள் தங்கள் நம்பிக்கையைச் சொல்லி எதிர்த்தார்கள். காட்டோடு வாழ்பவர்களின் சொல்லை எளிதில் தள்ள எனக்கு மனம் வராது. வெளியாட்கள் யாருமே வர வேண்டாம் என்று அவர்கள் சொன்னால் கேட்டுக்கொள்வேன். ஆண்கள் வரலாம், பெண்கள் கூடாது என்றால் கேட்க மாட்டேன்.

இவ்வளவு தெளிவாக எழுதும் நானும் ஒருமுறை தவறினேன். தை மாதம், மேகமே இல்லாத நாள். உச்சிக்கு இன்னும் அரை மணி நேரம்தான். வீட்டிலிருந்து மூன்றாவது அழைப்பு: விருந்தாளிகள் வந்திருக்கிறார்கள், எப்போது வருவாய்? முழங்கால் வலிக்கிறது என்று தோழிகளிடம் பொய் சொல்லித் திரும்பினேன். எனக்காக அவர்களும் இறங்கினார்கள். அக்கா வழிநெடுக என் கையைப் பிடித்துக்கொண்டே வந்தார். வீட்டின் தடையை உடம்பின் தடையாக மாற்றிச் சொல்ல எனக்கு ஒரு நொடிகூட ஆகவில்லை. அத்தனை காலப் பழக்கம்! இப்படிச் சொல்லிச் சொல்லியே, உண்மையில் எதற்காக நிற்கிறோம் என்பது நமக்கே தெரியாமல் போய்விடுகிறது.

இதன் மறுபக்கம் இன்னும் ஆபத்தானது. ஒரே ஒருமுறைதான் அனுமதி என்று வந்திருப்பவள், இடி இடித்தாலும் ஏறத்தான் பார்ப்பாள். அன்று இளையவளின் தயக்கம் அதுதான். வானத்தைப் பார்த்து முடிவெடுக்க வேண்டிய நேரத்தில் அவள் வீட்டை நினைத்துக்கொண்டிருந்தாள். நம் பாதுகாப்புக்காக என்று சொல்லிப் போடும் தடைதான் அவளை மின்னலுக்குக் கீழே நிறுத்தப் பார்த்தது. நாளைக்கும் போகலாம் என்ற உறுதி இருப்பவளால்தான் இன்று நிம்மதியாகத் திரும்ப முடியும். ஏறும் உரிமையைப் பற்றி நிறையப் பேசிவிட்டோம். திரும்பி வரும் உரிமையும் அதற்குள் அடங்கியிருக்கிறது.

மார்கழிக் கடைசியில் இளையவளை மறுபடியும் பர்வதமலைக்கு அழைத்துப் போனோம். அதற்கு முன் அக்கா இரண்டு முறை அவள் வீட்டுக்குப் போய்ப் பேச வேண்டியிருந்தது. இரண்டாவது முறை அவள் அம்மா கேட்டாராம்: “மழை வந்தா என்ன பண்ணுவீங்க?”

“திரும்பிடுவோம்மா” என்றாராம் அக்கா. “அப்புறம் இன்னொரு நாள் போவோம்.”