ஸ்டெப்னியைக் கழற்றலாமா?

ஒரு காருக்கு எதற்கு நான்கு கதவுகள்?

'என்னய்யா கேள்வி இது, முன்னால் இரண்டு பேரும் பின்னால் மூன்று பேரும் ஏறி இறங்கத்தான்' என்பீர்கள். நியாயம். ஆனால், இத்தாலியின் ஆல்ஃபா ரோமியோ கம்பெனி 2020-ல் ஒரு காரை அறிவித்தது. பெயர், ஜூலியா ஜி.டி.ஏ.எம். வெளியிலிருந்து பார்த்தால் நாலு கதவு வைத்த குடும்பக் கார். பின்கதவைத் திறந்தால்... ஸீட்டைக் காணோம்! கம்பிக் கூண்டு, ஹெல்மெட் வைப்பதற்கென்று அச்சில் வார்த்த குழி, தீயணைப்பு சிலிண்டருக்கு ஓர் இடம். குழந்தைகள் உட்கார வேண்டிய இடத்தில் ஹெல்மெட்கள் உட்கார்ந்து வருகின்றன.

எல்லாம் எடையைக் குறைக்கத்தான். மூல மாடலைவிட 100 கிலோ குறைவு என்பதுதான் விளம்பரமே. பெயரில் இருக்கும் 'ஏ' என்ற எழுத்துக்கு இத்தாலிய மொழியில் 'எடை குறைக்கப்பட்டது' என்று அர்த்தம். நாம் அதிகக் காசு கொடுத்தால் கூடவே இரண்டு கறிவேப்பிலையாவது எதிர்பார்ப்போம். இங்கே அதிகக் காசு வாங்கிக்கொண்டு, இருந்த பின்ஸீட்டையும் பிடுங்கிக்கொள்கிறார்கள்!

சிரிக்காதீர்கள். நம் ஊரிலும் இந்த ஜாதி உண்டு. திருவள்ளூரில் தயாரான பழைய லான்சர், ஹோண்டா சிட்டி வீடெக், ஆக்டேவியா ஆர்.எஸ். என்று ஏதாவது ஒன்றைத் தேடிப் பிடித்து வாங்கி, திங்கள் முதல் வெள்ளி வரை அதிலேயே ஆபீஸ் போய்க்கொண்டு, சனிக்கிழமையானால் ஸ்பேனரும் கையுமாக அதன் அடியில் படுத்துக்கிடக்கும் இளைஞர்கள். கேட்டால் ஒரே பதில்: 'வெயிட்டைக் குறைச்சா ஹேண்ட்லிங் பிரமாதமா இருக்கும் சார்!'

அவர்கள் சொல்வது சுத்தமான உண்மை. 1,000 கிலோ காரில் 100 கிலோவைக் கழித்தால், 100 குதிரைசக்தி எஞ்சின் 111 குதிரைசக்தி எஞ்சின் போல இழுக்கும். எஞ்சினைத் தொடவே வேண்டாம். அதிலும் ஒரு விசேஷம். எஞ்சினின் சக்தியைக் கூட்டினால் வேகம் பிடிக்கும்போது மட்டும்தான் லாபம். எடையைக் குறைத்தால் வேகம் பிடிக்கும்போது, பிரேக் போடும்போது, வளைவில் திரும்பும்போது என்று மூன்று இடத்திலும் லாபம். சக்கரத்தில் குறைக்கும் கிலோவுக்கு இன்னும் மதிப்பு அதிகம். ஸ்பிரிங்குக்குக் கீழே இருக்கும் எடை லேசானால், மேடு பள்ளத்தில் டயர் தரையை விடாமல் தொட்டுக்கொண்டே போகும். ஸ்டீயரிங்கைக் கொஞ்சம் திருப்பியதும் கார் மொத்தமும் கூடவே திரும்புகிறதே... அந்தச் சந்தோஷத்தைக் குறை சொல்ல எனக்கு மனசு வரவில்லை.

ஆனால், கழற்றும் வரிசையைக் கவனியுங்கள். முதலில் டிக்கியில் கிடக்கும் பழைய பேப்பர், காலி கேன், போன வருஷக் கொலுப்படி. யாருக்கும் நஷ்டமில்லை. அடுத்து ஸ்டெப்னி. சுமார் 15 கிலோ. 'பஞ்சரானா பார்த்துக்கலாம்.' அப்புறம் ஏ.சி. அப்புறம் தரைக்கு அடியில் இருக்கும், சத்தத்தை அமுக்கும் மெத்தை. அப்புறம் பின்ஸீட். கடைசியில், பம்பருக்கு உள்ளேயும் கதவுக்கு உள்ளேயும் கண்ணுக்குத் தெரியாமல் இருக்கும் இரும்புச் சட்டங்கள். 'இது எதுக்கு சார், சும்மாதானே இருக்கு?'

இந்த 'சும்மா இருக்கு' என்ற வார்த்தையில்தான் எனக்கு உதைக்கிறது.

நான் காமர்ஸ் படித்தவன். எங்கள் கணக்குப் புத்தகத்தில் வாராக் கடனுக்கான ஒதுக்கீடு என்று ஒன்று உண்டு. கடன் வாங்கியவர்கள் எல்லாரும் ஒழுங்காகத் திருப்பிக் கொடுக்கும் வருஷத்தில் அது சும்மாதான் இருக்கும். 'இதை எடுத்துவிட்டால் லாபம் இன்னும் அழகாகத் தெரியுமே' என்று முதலாளிக்குக் கை பரபரக்கும். நல்ல ஆடிட்டர் விட மாட்டார். பயன்படாத பொருள் வேறு. இன்னும் பயன்பட வேண்டிய நாள் வராத பொருள் வேறு. ஸ்டெப்னி இரண்டாவது வகை. கதவுக்குள் இருக்கும் சட்டமும் அப்படியே. அதன் வேலை மொத்தமே அரை விநாடிதான். அந்த அரை விநாடி வராமலே போகலாம். வந்தால்?

லோட்டஸ் கார் கம்பெனியை ஆரம்பித்த காலின் சாப்மன், எடைக் குறைப்பையே ஒரு வேதாந்தமாக வைத்திருந்தவர். அவர் அணியின் வீரர் யோஹென் ரிண்ட், 1969-ல் பார்சிலோனா பந்தயத்தில் காரின் இறக்கை முறிந்து விபத்தில் சிக்கினார். பிழைத்து வந்தவர் சாப்மனுக்கு ஒரு கடிதம் எழுதினார். சாரம் இதுதான்: நம் கார்கள் ஏற்கெனவே நல்ல வேகம், சில பவுண்டு எடை கூடினாலும் பரவாயில்லை, பலவீனமான பாகங்களைப் பலப்படுத்துங்கள்.

1970 செப்டம்பர் 5. இத்தாலியின் மோன்ஸா. நேர்ப்பாதையில் வேகம் கூடட்டும் என்று இறக்கைகளைக் கழற்றிவிட்டு ரிண்ட் பயிற்சியில் ஓட்டினார். முன் வலது பிரேக்கின் தண்டு முறிந்தது. கார் தடுப்பில் மோதியது. சரியாகப் பொருத்தப்படாத அந்தத் தடுப்பும் அவர் சாவுக்குக் காரணம் என்றது பிற்பாடு நடந்த விசாரணை. அவர் தொடைகளுக்கு நடுவே வரும் பெல்ட்டை மாட்டியிருக்கவில்லை. தீப்பிடித்தால் சீக்கிரம் வெளியே வரலாம் என்பது அவர் கணக்கு. அந்த வருஷ உலக சாம்பியன் பட்டம், இறந்துபோன ரிண்ட்டுக்குத்தான் கிடைத்தது.

இதில் எது யாருடைய முடிவு? பெல்ட் அவருடையது. இறக்கையைக் கழற்ற அவரும் சம்மதித்தார். ஆனால், அந்தத் தண்டு? அதன் கனம் எவ்வளவு இருக்க வேண்டும் என்று தீர்மானித்தவர் வேறொருவர். மாட்டிக்கொண்டு ஓட்டியவர் வேறொருவர். நம் கேள்வியும் இதுதான். ஒவ்வொரு கிலோவைக் கழற்றும்போதும், 'எவ்வளவு?' என்று கேட்கிறோம். 'யாருடையது?' என்று கேட்பதில்லை.

ஏ.சி-யைக் கழற்றினால் வியர்ப்பது உங்களுக்கு. தாராளமாக! ஸ்டெப்னியைக் கழற்றினால், ராத்திரி 11 மணிக்கு உளுந்தூர்ப்பேட்டை தாண்டி ரோட்டோரம் நிற்பது நீங்கள் மட்டுமா, அம்மாவும் கூடவா? கதவுச் சட்டத்தை எடுத்தால், பக்கவாட்டில் ஒரு வேன் வந்து மோதும்போது அந்தக் கதவை ஒட்டி உட்கார்ந்திருப்பது யார்? சைலன்சரின் கனத்தைக் குறைத்தால், விடியற்காலை தூக்கம் கலைவது எந்த வீட்டுக் குழந்தைக்கு?

'என் கார், என் காசு' என்று சொல்லலாம். சட்டம் ஒப்புக்கொள்ளாது. மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவைக் காட்டி, தயாரித்தவர் கொடுத்த மூல அமைப்பை மாற்றக் கூடாது என்று 2019 ஜனவரியில் சுப்ரீம் கோர்ட் சொல்லிவிட்டது. ஆனால், சட்டம் கம்பெனிக்காரர் போட்ட கோட்டைத்தான் பார்க்கும். மனசாட்சிக்கு அது போதாது.

ஏனென்றால், கோட்டைத் தாண்டாத அநியாயமும் உண்டு. இரண்டு டன்னுக்கு மேல் கனக்கும் எஸ்.யு.வி. ஒன்றை ஷோரூமிலிருந்து அப்படியே ஓட்டி வருகிறவர், ஒரு ஸ்குரூவைக்கூடக் கழற்றவில்லை. ஆனால், அவர் ஒரு சின்னக் காரோடு மோதினால், அதிகம் தூக்கி எறியப்படுவது சின்னக் கார்தான். அது பௌதிகம். அவர் தன் பத்திரத்தை வாங்கியிருக்கிறார். விலையில் ஒரு பகுதி எதிரே வருகிறவன் தலையில்! அந்தக் கணக்கில் பார்த்தால், லேசான கார் வைத்திருப்பவன் ஊருக்கு நல்லவன். பெட்ரோலும் மிச்சம். ஆக, கனம் பாவமும் இல்லை, லேசு புண்ணியமும் இல்லை. பாரம் எங்கே போய் இறங்குகிறது என்பதுதான் விஷயம். இரும்பை இறக்கிவைக்கலாம். ரிஸ்க்கை அப்படி இறக்கிவைக்க முடியாது, அது இன்னொருவர் மடியில் போய் உட்கார்ந்துகொள்ளும்.

காரோடு நிற்கிற விஷயமா இது? செலவைக் குறைக்கிறேன் என்று ராத்திரி வாட்ச்மேனை எடுத்துவிடும் அபார்ட்மென்ட் சங்கம், 'சும்மாதானே இருக்கார்' என்று பெரியவரை ஒரு ஹோமில் கொண்டுபோய் விடும் குடும்பம்... எல்லாரும் ஸ்பேனரோடுதான் நிற்கிறார்கள்.

எனவே, லேசாக்க விரும்பும் தம்பிகளுக்கு ஒரு எளிய பரீட்சை. எதைக் கழற்றுகிறீர்களோ, அதனால் பாதிக்கப்படக்கூடிய ஆளைப் பக்கத்தில் நிற்க வைத்து, 'கழற்றட்டுமா?' என்று கேட்டுவிட்டுக் கழற்றுங்கள். பின்ஸீட் என்றால் பின்ஸீட்டில் வருகிறவரை. கேட்கவே கூச்சமாக இருக்கிறதென்றால், அந்த போல்ட்டை அப்படியே விட்டுவிடுங்கள். முழுக்க உரித்த காரை ஓட்டித்தான் ஆக வேண்டும் என்றால், இருங்காட்டுக்கோட்டையில் ரேஸ் டிராக் இருக்கிறது. அங்கே எதிரே யாரும் வர மாட்டார்கள்.

அதற்கும் முன்னால், யாரிடமும் அனுமதி கேட்காமல் குறைக்கக்கூடிய ஐந்தாறு கிலோ எல்லாக் காரிலும் உண்டு. ஸ்டீயரிங்குக்கும் டிரைவர் ஸீட்டுக்கும் நடுவே இருக்கிறது. ஸ்பேனர்கூட வேண்டாம்!