ஓய்வும் ஒரு கடனே

சகோதர வணிகர்களே!

கடைக்கு ஒரு மூட்டை மிளகாய் வந்து இறங்கினால், ஈரம் படாமல் அடுக்கிக் காப்பாற்ற நமக்குத் தெரியும். தராசு ஒரு பக்கம் சாய்ந்தால் அன்றே சரிபார்த்து விடுகிறோம். ஆனால், அந்தத் தராசைப் பிடிக்கும் மனிதன் நிலை தவறினால், அவனைச் சரிபார்க்க நாம் ஒரு நாளாவது ஒதுக்குகிறோமா? வியாபாரி ஒருவன் கடையையும் வீட்டையும் விட்டு, மூன்று நாள் தனியாக ஓர் ஊருக்குச் சென்று இளைப்பாறி வருவது நியாயந்தானா என்னும் கேள்வியை இங்கே எடுத்துக்கொள்கிறோம்.

இக்கேள்வி எழுந்த விதத்தை மறைக்காமல் சொல்லிவிடுவோம். கோலாலம்பூரில் உள்ள நமது பலசரக்குக் கடையில் ஓர் இரவு கணக்குப் பார்க்கையில், கல்லாவில் 50 வெள்ளி குறைந்தது. பெட்டியடியில் நின்ற சிப்பந்தியை, வாடிக்கைக்காரர் இருவர் பார்த்திருக்க, வாய்க்கு வந்தபடி ஏசினோம். அவர் தலைகுனிந்து நின்றார். வீட்டுக்கு வந்து சட்டையைக் கழற்றினால், அந்த 50 வெள்ளி நமது பையிலேயே இருக்கிறது! சரக்கு லாரிக்காரருக்குக் கொடுக்கவென்று நாமே எடுத்து மறந்திருக்கிறோம். மறுநாள் அதே இடத்தில் நின்று மன்னிப்புக் கேட்டோம். "பரவாயில்லை, முதலாளி" என்றார் அவர். விற்ற சரக்கைத் திருப்பி வாங்கிக்கொள்ளலாம். ஏசிய சொல்லைத் திருப்பி வாங்க முடியுமா?

"நீங்கள் கெட்டவரல்ல, களைத்துப் போயிருக்கிறீர்கள், எங்கேயாவது போய்விட்டு வாருங்கள்" என்றார் நம் வீட்டார். உடம்புக்கும் நம்மீது ஹக்கு உண்டு என்று மதரஸாவில் ஓதிக் கேட்டவர்கள்தாம் நாம். எல்லார் பாக்கியையும் ஏட்டில் எழுதும் நாம், இந்தப் பாக்கியை மட்டும் எழுதாமலே விட்டுவிட்டோம். அதை வட்டியோடு செலுத்தியவர்களோ நமது சிப்பந்தியும் பிள்ளைகளும்.

குடும்பத்தோடு போனால் ஆகாதா என்று கேட்பீர்கள். அது கடமை, மகிழ்ச்சியுங்கூட. எனினும் அங்கும் நாம் பொறுப்பாளர்தாம். டிக்கெட்டும் சாப்பாடும் நம் தலையிலே. கூட்டாளிகளோடு போனால் பேச்சு விலைவாசியில் போய் நிற்கும். ஊருக்குப் போனாலோ கலியாணமும் காணித் தகராறும் காத்திருக்கும். மனம் அடங்க வேண்டுமானால், ஆண்டில் இரண்டு மூன்று நாளாவது தனியே இருக்கத்தான் வேண்டும்.

நாம் தேர்ந்தது பினாங்கு. வார நடுவில் மூன்று நாள். அப்போது கூட்டமும் குறைவு, அறை வாடகையும் குறைவு. பட்டர்வொர்த் வரை ரயில். இறங்கினால் பக்கத்திலேயே பெரி. கைப்பேசியை இரவில் ஒருமுறை மட்டும் பார்ப்பது என்று உறுதி செய்துகொண்டோம். ஒரு நாளுக்கு ஒரு வேலைக்கு மேல் வைத்துக்கொள்ளவில்லை. சரக்குப் பட்டியல்போல் பத்து இடங்களை எழுதிக்கொண்டு ஓடினால், அது இன்னொரு வியாபாரமே ஆகும்.

முதல் நாள், 1801ஆம் ஆண்டு நிறுவப்பட்ட கப்பித்தான் கிளிங் பள்ளிவாசலில் லுஹர் தொழுதுவிட்டு, சூலியா தெருவில் நடந்தோம். பசி வந்தபின் நாசி கண்டார். சோற்றையும் ஆணத்தையும் இரு கூடைகளில் வைத்து, தடியின் இருமுனையிலும் கட்டி, தோளில் சுமந்து துறைமுகத் தொழிலாளிகளுக்கு விற்ற நம்மவர்களால் வந்த பெயர் அது. கண்டார் என்பது அந்தக் காவடித் தடி. கடையில் நின்றபடி ஐந்து நிமிடத்தில் விழுங்கிப் பழகிய நாம், அன்று அரைமணி நேரம் உட்கார்ந்து உண்டோம். ஆணத்தில் வெந்தயம் இருப்பது நாவுக்குத் தெரிந்தது!

இரண்டாம் நாள் காலை, 1884இல் தொடங்கப்பட்ட தாவரத் தோட்டத்துக்குச் சென்றோம். குரங்குகளுக்கு வழிவிட்டு, அங்கிருந்து கொடிமலைக்குச் செல்லும் 5 கிலோமீட்டர்ச் சாலையில் மெல்ல ஏறினோம். செங்குத்தான சாலை, முழங்கால் நோவுள்ளவர்கள் 1923 முதல் ஓடும் மலை ரயிலிலேயே போகலாம். உச்சியில் நின்று பார்த்தால், பட்டணமும் கடலும் அக்கரையும் ஒரே பார்வையில் தெரிகின்றன. அத்தனை கடைகளில் ஒன்றையாவது தனியாக அடையாளம் காண முடியவில்லை. பெரிது என்று நாம் எண்ணியது எவ்வளவு சிறிது!

அந்த நிம்மதியிலேதான் ஒரு நினைவு வந்து உறுத்தியது. இந்நேரம் பெட்டியடியில் நிற்பவர் யார்? நாம் ஏசிய அதே தம்பிதான். தம் வேலையோடு நம் வேலையையும் சேர்த்துச் சுமக்கிறார். நமது ஓய்வு அவர் தோளில் கண்டார்போல் தொங்குகிறது.

1955ஆம் ஆண்டு வேலைச் சட்டப்படி, ஓராண்டு வேலை செய்தவருக்கு, இரண்டாண்டுக்குக் குறைந்த சேவையானால் 8 நாளும், இரண்டு முதல் ஐந்தாண்டுக்குள் 12 நாளும், அதற்கு மேல் 16 நாளும் சம்பளத்தோடு விடுமுறை உண்டு. நாமோ, "லீவு எதற்கு தம்பி, காசாக வாங்கிக்கொள்" என்று சொல்லி வந்தோம். அவரும் சம்மதித்தார். ஆனால், களைப்புக்குக் காசு ஈடாகாது என்பதை நமது சட்டைப் பையே நமக்குக் காட்டிவிட்டதே! நமக்கு ஆகாத ஈடு அவருக்கு மட்டும் ஆகுமோ?

ஆதலின் நாம் கண்ட தீர்ப்பு இது: தனியே போய் இளைப்பாறுவது நியாயமே, ஆனால், நாம் எடுக்கும் ஓய்வை நமக்காகச் சுமந்தவருக்கும் கொடுத்தால்தான் அது நியாயம். வீட்டாருக்கும் இதே கணக்குத்தான். அவரும் தம் சகோதரி வீட்டுக்குச் சென்று மூன்று நாள் தங்கி வந்தார். அடுப்படியை நாம் பார்த்துக்கொண்டோம், சோறு குழைந்தது என்பது வேறு விஷயம்.

திரும்பி வந்ததும் தம்பியை அழைத்து, "அடுத்த வாரம் நான்கு நாள் உனக்கு லீவு. எங்கே போகப் போகிறாய்?" என்று கேட்டோம்.

"எங்கும் போகவில்லை, முதலாளி. ரெண்டு நாள் நல்லாத் தூங்குவேன்" என்றார்.

அந்த நான்கு நாளும் பெட்டியடியில் நாம் நின்றோம். கால் கடுத்தது. கணக்கு மட்டும் ஒரு சதமும் குறையவில்லை.