கரையேறலாமா, வேண்டாமா?

ஒரு சின்னக் கற்பனை செய்துகொள்ளுங்கள்.

நீங்கள் கோயமுத்தூர்க்காரர். ஒரு தடவையாவது கப்பலில் போய்விட வேண்டும் என்று வீட்டில் ரொம்ப நாளாக நச்சரிப்பு. பணம் சேர்த்து, மும்பைக்குப் போய், அங்கிருந்து கிளம்பும் சொகுசுக் கப்பலில் ஏறிவிட்டீர்கள். இரண்டு ராத்திரி கடலில். மூன்றாம் நாள் காலை எட்டு மணிக்குக் கப்பல் ஒரு துறைமுகத்தில் நிற்கிறது. 'இறங்குகிறவர்கள் இறங்கலாம், சாயந்தரம் ஐந்து மணிக்குள் திரும்பிவிட வேண்டும்' என்று ஒலிபெருக்கியில் சொல்கிறார்கள். எட்டிப் பார்த்தால்... கொச்சி!

"ஏனுங்க, எறங்கிப் போய்ட்டு வந்தர்லாங்களா?" என்கிறார் மனைவி.

"நாம பாக்காத கொச்சியா? கார எடுத்தா நாலஞ்சு மணி நேரத்துல வந்தர்லாம். இதுக்கு மும்பைக்குப் போய்ச் சுத்திட்டு வரோணுமா? பேசாம படு" என்கிறீர்கள் நீங்கள்.

பக்கத்து அறையில் ஒரு வடநாட்டுக் குடும்பம். அவர்களுக்கு வேறு கவலை. ஒன்பது மணி நேரத்தில் என்னத்தைப் பார்க்க முடியும்? வெயில், கூட்டம், டாக்ஸிக்காரர் கேட்கும் காசு... இறங்குவது வொர்த்தா?

காரணம் வேறு வேறு. ஆனால் கேள்வி ஒன்றுதான். வொர்த்தா? கொடுக்கிற காசுக்கும் நேரத்துக்கும் இந்த ஊர் தகுமா?

சாதாரணக் கேள்விதானே என்று தோன்றும். கத்திரிக்காய் வாங்கும்போதுகூடக் கேட்கிறோம். ஆனால் கத்திரிக்காயைக் கேட்கிற கேள்வியை ஓர் ஊரைப் பார்த்துக் கேட்கலாமா என்பதுதான் விஷயம்.

முதலில் இறங்காதவர் பக்கம் நின்று பேசிவிடுகிறேன். அவர் பக்கமும் நியாயம் இருக்கிறது. ஒன்பது மணி நேரம் என்பது பேச்சுக்குத்தான். இறங்குவதற்கு வரிசை, வண்டி பிடிக்க அரை மணி, போக வர ஒன்றிரண்டு மணி, கப்பலை விட்டுவிடுவோமோ என்கிற பயத்தில் சீக்கிரம் திரும்புவது... கழித்துப் பார்த்தால் நாலைந்து மணி நேரம் மிஞ்சும். அதற்குள் சீன வலை, தேவாலயம், அரண்மனை, யூதர் தெரு என்று ஓடி, ஒவ்வொன்றின் முன்னாலும் நின்று ஒரு போட்டோ எடுத்துக்கொண்டு திரும்பினால் அதற்குப் பெயர் நுனிப்புல் மேய்வது. அதைவிட, கூட்டமெல்லாம் இறங்கிப் போன பிறகு மேல் தளத்தில் ஒரு நாற்காலி போட்டுக் காயலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பவர் ஒன்றும் குறைந்தவர் இல்லை. எல்லோரும் போகிறார்கள் என்பதற்காகப் போகாமலிருக்கவும் கொஞ்சம் தைரியம் வேண்டும்.

ஆனால், "நாம பாக்காத கொச்சியா?" என்கிறாரே நம்ம ஊர்க்காரர், அவரைக் கொஞ்சம் நிறுத்திக் கேட்க வேண்டியிருக்கிறது. நாம் பார்த்தது எது? விமான நிலையம் பார்த்திருக்கிறோம். பெரிய மால் பார்த்திருக்கிறோம். குருவாயூருக்கும் சோட்டானிக்கரைக்கும் போகிற வழியில் பாலத்தின் மேலிருந்து தண்ணீர் பார்த்திருக்கிறோம்.

கப்பல் நிற்கிற இடமே வில்லிங்டன் தீவு. அது கடவுள் படைத்த தீவு இல்லை; மனிதன் கொட்டிய மண். கொச்சித் துறைமுகத்தின் வாயை ஒரு மணல்திட்டு அடைத்துக்கொண்டிருந்த காலத்தில் பெரிய கப்பல்கள் வெளியிலேயே நின்றன. 1920-இல் வந்த ராபர்ட் பிரிஸ்டோ என்ற வெள்ளைக்காரப் பொறியாளர் அந்தத் திட்டை வெட்டித் தூர் வாரினார். 1928-இல் கப்பல் உள்ளே வந்தது. வாரிய மண்ணைக் கொட்டி உருவாக்கியதுதான் இந்தத் தீவு. ஆக, ஏணியில் இறங்கி நீங்கள் வைக்கிற முதல் அடியே தண்ணீருக்கு அடியில் கிடந்த மண்ணின் மேல்தான். நாம பாக்காத கொச்சி காலடியிலேயே ஆரம்பித்துவிடுகிறது.

இன்னொரு விஷயம். இந்தக் கரைக்கும் நம்ம கொங்கு நாட்டுக்கும் இருக்கிற உறவு நேற்று வந்ததில்லை. கொச்சிக்குக் கொஞ்சம் வடக்கேதான் சங்கப் பாடல்களில் வருகிற முசிறி இருந்தது என்கிறார்கள். ரோமாபுரிக் கப்பல்கள் மிளகுக்காக வந்த துறைமுகம். வெள்ளியங்கிரி மலையில் பிறக்கும் நம்ம நொய்யலின் கரையில், சென்னிமலைக்குப் பக்கத்தில் கொடுமணல் என்று ஓர் ஊர். அங்கே தோண்டிய இடமெல்லாம் விலையுயர்ந்த கல்மணிகளும், அவற்றைச் செய்த பட்டறைகளின் அடையாளங்களும் கிடைத்தன. வெள்ளலூரில் மண்ணுக்குள்ளிருந்து ரோமானியக் காசுகள் கிடைத்தன. பாலக்காட்டுக் கணவாய் வழியாக இங்கிருந்து சரக்கு போயிருக்கிறது, அங்கிருந்து காசு வந்திருக்கிறது என்பது ஆய்வாளர்களின் கணிப்பு.

அந்தக் கப்பல்காரர்கள் யாரும் 'இறங்குவது வொர்த்தா?' என்று கேட்டிருக்க மாட்டார்கள். கேட்கவும் முடியாது. தென்மேற்குக் காற்றைப் பிடித்து வந்தால், காற்று திசை திரும்பும் வரை மாதக்கணக்கில் இங்கேதான் கிடக்க வேண்டும். பிடித்தாலும் பிடிக்காவிட்டாலும் இந்த ஊர்ச் சாப்பாடு, இந்த ஊர்த் தண்ணீர், இந்த ஊர்க் காய்ச்சல். சாயந்தரம் ஐந்து மணிக்குத் திரும்பிவிடலாம் என்கிற வசதி இருக்கிறவனுக்குத்தான் 'தகுமா' என்கிற சந்தேகமே வருகிறது.

அப்படியானால் மாதக்கணக்கில் தங்கினால்தான் ஓர் ஊரைப் பார்த்ததாக அர்த்தமா? அதுவும் இல்லை. நாற்பது வருஷம் ஒரே தெருவில் குடியிருந்து, எதிர்வீட்டுக்காரர் பெயர் தெரியாதவர்கள் நம்மில் இல்லையா? நேரத்தின் நீளம் வேறு, நாம் அதை எதற்குக் கொடுக்கிறோம் என்பது வேறு.

இதற்குக் கொச்சியிலேயே ஓர் இடத்தைச் சொல்கிறேன். கோட்டைக் கொச்சியில் வெளி என்ற பகுதியில் ஒரு சலவைத் துறை இருக்கிறது. சுற்றுலா வண்டிகள் நிற்கும் இடங்களில் அதுவும் ஒன்று. வரிசையாகத் துவைக்கும் தொட்டிகள், பின்னால் பெரிய மைதானம். கயிற்றில் துணி காயும், கிளிப் கிடையாது. இரண்டாக முறுக்கிய கயிற்றின் இடுக்கில் துணியின் முனையைச் செருகிவிடுகிறார்கள். காற்று எவ்வளவு அடித்தாலும் விழாது. பக்கத்துக் கொட்டகையில் கஞ்சி போட்ட துணிகளுக்கு இஸ்திரி நடக்கிறது. வேலை செய்கிறவர்கள் பேசுவதைக் காது கொடுத்துக் கேளுங்கள். தமிழ்!

டச்சுக்காரர்கள் கொச்சியை ஆண்ட காலத்தில், படைவீரர்களின் உடுப்பைத் துவைப்பதற்காகத் தமிழ்நாட்டிலிருந்து கொண்டுவந்து குடியமர்த்தினார்களாம். அவர்களுடைய வழிவந்தவர்கள் நாங்கள் என்கிறார்கள். ஏறக்குறைய முந்நூறு வருஷக் கதை. அவர்கள் கப்பலில் வந்தார்களோ, நடந்து வந்தார்களோ... சாயந்தரம் ஐந்து மணிக்குத் திரும்பிப் போகவில்லை.

இப்போது நீங்கள் அங்கே போகிறீர்கள். இரண்டு விதமாகப் போகலாம். வண்டியிலிருந்து இறங்கி, செல்போனைத் தூக்கிப் பிடித்து, முதுகு வளைத்துத் துவைக்கிற பெரியவரை நாலு கோணத்தில் படம் பிடித்துவிட்டு, பத்து நிமிஷத்தில் வண்டி ஏறலாம். அல்லது போனைப் பைக்குள் போட்டுவிட்டு, "வணக்கமுங்க, நாங்க கோயமுத்தூருங்க" என்று சொல்லலாம். அவருக்கு வேலை இருந்தால் தலையை ஆட்டிவிட்டுத் துவைப்பார். அது அவர் உரிமை. அவர் வேலைத்தலம் அது, கண்காட்சி இல்லை. ஓய்வாக இருந்தால், "கோயமுத்தூர்ல எங்க?" என்று கேட்பார். இரண்டுக்கும் ஆகிற நேரம் கிட்டத்தட்ட ஒன்றுதான். ஆனால் முதல் ஆள் ஒரு படத்தை எடுத்துக்கொண்டு போனான். இரண்டாவது ஆள் ஒரு மனிதரைப் பார்த்துவிட்டுப் போனான்.

'நாங்கள் இறங்கினால்தானே நாலு பேருக்குப் பிழைப்பு?' என்று கேட்பீர்கள். உண்மைதான். ஆட்டோக்காரரும், கைவினைப் பொருள் விற்கிறவரும், இளநீர் வெட்டுகிறவரும் கப்பலை எதிர்பார்த்து நிற்கிறார்கள். 2020-இல் கொரோனாவால் கப்பல்கள் நின்றபோது அந்த வயிறுகள் பட்ட பாட்டைச் சொல்லி மாளாது. பேரம் பேசாமல் நாலு காசு செலவழிப்பது நல்ல காரியமே. ஆனால் காசு கொடுத்துவிட்டதாலேயே ஊர் நமக்குச் சொந்தமாகிவிடாது. வெனிஸ் நகரத்தைப் பாருங்கள். சுற்றுலாவில் பிழைக்கிற ஊர்தான். இருந்தும் 2021 ஆகஸ்டிலிருந்து பெரிய கப்பல்கள் நகரின் முக்கியக் கால்வாய் வழியாக வரக்கூடாது என்று இத்தாலி அரசாங்கம் தடுத்துவிட்டது. 2024 முதல், பகலில் வந்து பகலிலேயே போகிறவர்களிடம், நெரிசலான நாட்களில் நுழைவுக் கட்டணம் வாங்குகிறார்கள்.

இத்தாலி எதற்கு? நமக்கே ஒரு துறைமுகம் உண்டு. கடல் மட்டத்திலிருந்து ஏழாயிரம் அடிக்கும் மேலே. ஊட்டி! ஏப்ரல், மே வந்தால் கோயமுத்தூரும் திருப்பூரும் ஈரோடும் சேர்ந்து ஒரு கப்பலாகக் கிளம்பி அங்கே போய் இறங்கும். காலையில் ஏற்றம், மதியம் பூங்காவில் பிரியாணிப் பொட்டலம், படகு, வர்க்கி, சாயந்தரம் இறக்கம். "ஊட்டியில ஒண்ணுமே இல்லைங்க, ஒரே கூட்டம்" என்று திரும்பி வந்து சொல்கிறோம். அந்தக் கூட்டம் யார் என்பதை மட்டும் சொல்வதில்லை. அங்கே குடியிருக்கிறவர், காய்ச்சலடிக்கும் குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போக நம்முடைய கார் வரிசைக்கு நடுவில் வழி தேடிக்கொண்டிருப்பார். சென்னை உயர் நீதிமன்றம் தலையிட்டு 2024 மே மாதம் இ-பாஸ் கொண்டுவந்ததும், 2025 ஏப்ரலிலிருந்து வார நாட்களில் 6,000 வண்டி, சனி ஞாயிறுகளில் 8,000 வண்டி என்று வரம்பு கட்டியதும் சும்மா இல்லை. ஊட்டி வொர்த்தா என்று நாம் கேட்டுக்கொண்டிருந்தோம். இத்தனை பேர் தகுமா என்று மலை கேட்டுவிட்டது.

நம்ம பக்கம் ஒரு வழக்கம் உண்டு. யார் வீட்டுக்குப் போனாலும் ஒரு வாய் தண்ணீராவது வாங்கிக் குடித்துவிட்டுத்தான் வர வேண்டும். தாகம் இல்லாவிட்டாலும். "வாசலோட போறீங்களே" என்று அவர்கள் மனசு சங்கடப்படக்கூடாது. விருந்தோம்பல் என்றால் வீட்டுக்காரருடைய கடமை என்றே படித்து வளர்ந்திருக்கிறோம். வருகிறவருக்கும் அதில் பாதி உண்டு. சமையலறையை எட்டிப் பார்த்து மார்க் போடுகிறவர் விருந்தாளி இல்லை.

கடைசியாக, கப்பலுக்குள்ளேயே இருக்கிற சிலரை நினைத்துப் பாருங்கள். நீங்கள் ஈரத் துண்டை மூலையில் எறிந்துவிட்டுப் போனால், சாயந்தரம் வெள்ளை வெளேரென்று மடித்து வைத்திருக்கிறது. கீழ்த் தளத்தில் ஒருவர் துவைத்திருக்கிறார். கோட்டைக் கொச்சியில் ஒரு சலவைத் துறை என்றால், உங்கள் காலுக்குக் கீழேயே இன்னொன்று. கப்பல் ஊழியருக்குத் துறைமுகத்தில் கரைக்குப் போய்வர அனுமதி தர வேண்டும் என்று 2006-ஆம் ஆண்டின் கடல்சார் தொழிலாளர் ஒப்பந்தம் சொல்கிறது. இந்தியாவும் 2015-இல் அதில் சேர்ந்துவிட்டது. ஆனாலும் வேலை முறை ஒத்துவந்தால்தானே இறங்க முடியும்? 2020-இன் கடைசியில் ஒப்பந்தக் காலம் முடிந்தும் வீடு திரும்ப முடியாமல் உலகெங்கும் கப்பல்களில் மாட்டிக்கொண்டவர்கள் சுமார் நாலு லட்சம் பேர். மாதக்கணக்கில் கரையைக் கண்ணால் மட்டும் பார்த்தவர்கள். அவர்களிடம் போய், 'இறங்கினால் வொர்த்தா?' என்று கேட்டுப் பாருங்களேன்.

சரி, மனைவி காத்துக்கொண்டிருக்கிறார். என்ன முடிவு?

பட்டியல் போட்டு ஊரை ஒரே மூச்சில் முடித்துவிடுகிற எண்ணமிருந்தால் இறங்காதீர்கள். உங்களுக்கும் நல்லது, ஊருக்கும் நல்லது. கப்பலிலேயே இருந்து, அறையைச் சுத்தம் செய்ய வருகிறவரிடம் அவருடைய ஊர் எது என்று கேளுங்கள். அதுவும் ஒரு கரைதான்.

அந்த ஊரில் ஏதாவது ஒன்றுக்கு, ஒரு வலைக்கோ, ஒரு தெருவுக்கோ, ஒரு மனிதருக்கோ இரண்டு மணி நேரத்தை முழுசாகக் கொடுக்க மனசிருந்தால் இறங்குங்கள். நூறு தடவை பார்த்த கொச்சியாக இருந்தாலும் சரி. மற்றதையெல்லாம் பார்க்காமல் வந்தோமே என்று வருத்தப்பட வேண்டாம். பார்க்காமல் விட்டதற்கு இன்னொரு நாள் போகலாம்.

வாளையார் தாண்டினால் அந்தப் பக்கம்தானே!