உற்சவரின் செலவு

கவர்னர் பதவிக்கு ஆகும் செலவைப் பற்றிய பேச்சு நம்மிடையே இரண்டு தடங்களில் ஓடி நின்றுவிடுகிறது. ஒன்று, இத்தனை ஏக்கர் தோட்டம், இத்தனை கார், இத்தனை சேவகர் என்கிற கணக்கு. மற்றது, அண்ணா ஆட்டின் தாடியைக் காட்டிச் செய்த கேலி. கணக்கு கோபத்தைத் தருகிறது, கேலி சிரிப்பைத் தருகிறது. கோபப்பட்டும் சிரித்தும் முடித்த பிறகு பதவி இருந்த இடத்திலேயே இருக்கிறது. கேள்வி சரியாகக் கேட்கப்படவில்லை என்பதுதான் காரணமோ என்று எனக்கு ஒரு சந்தேகம்.

முதலில் கணக்கைப் பார்த்துவிடலாம். 2018ல் கவர்னரின் சம்பளம் மாதம் 3,50,000 ரூபாய் ஆனது. ஆண்டுக்கு 42 லட்சம். 2011 ஜனத்தொகைக் கணக்குப்படி தமிழ்நாட்டில் 7 கோடியே 21 லட்சம் பேர். வகுத்துப் பார்த்தால் தலைக்கு ஆறு காசு கூட இல்லை. கவர்னரின் விருப்ப நிதி 2019ல் 50 லட்சத்திலிருந்து 5 கோடியாக உயர்த்தப்பட்டதையும், அது செலவான விதத்தையும் பற்றி 2023 ஏப்ரலில் நிதியமைச்சர் சட்டசபையில் குற்றம் சாட்டினார். அதையும் வகுத்தால் தலைக்கு எழுபது காசு. மாளிகை, தோட்டம், காவல், பயணம் எல்லாவற்றையும் கூட்டினாலும் ஒரு மனிதனின் ஒரு வேளைச் சாப்பாட்டுக் காசைத் தொடாது. கணக்கை மட்டும் நம்பிச் சண்டைக்குப் போகிறவன் தோற்றுத் திரும்பவேண்டியதுதான். ‘இதற்குப் போயா இத்தனை கூச்சல்?’ என்று எதிரி கேட்டுவிட்டால் பதில் கிடையாது.

தொகையை விட்டுவிட்டு, அது தரப்படும் முறையைப் பார்க்கலாம். அரசியல் சட்டத்தின் 202ஆம் ஷரத்து, கவர்னரின் சம்பளத்தையும் படிகளையும் அவர் அலுவலகச் செலவையும் மாநிலத் தொகுப்பு நிதியின் மேல் நேரடியாகச் சுமத்துகிறது. 203ஆம் ஷரத்து, இப்படிச் சுமத்தப்பட்ட செலவைச் சட்டசபையின் ஓட்டுக்கு விடலாகாது என்கிறது. பேசலாம், ஓட்டுப் போடக்கூடாது. அந்த 2023ஆம் வருஷத்துப் பேச்சே, சபை தன் விதிகளைத் தளர்த்திக்கொண்ட பிறகு நடந்ததுதான். நியமிப்பது டெல்லி. சம்பளத்தை நிர்ணயிப்பது 1982ஆம் வருஷத்துப் பார்லிமெண்டுச் சட்டம். கொடுப்பது மாநிலம். கொடுக்கிறவனுக்கு இல்லை என்று சொல்லும் உரிமை மட்டும் கிடையாது. இல்லை என்று சொல்ல முடியாமல் கொடுக்கும் பணத்துக்குத் தமிழில் பழைய பெயர் ஒன்று இருக்கிறது. கப்பம். ஆறு காசானாலும் கப்பம் கப்பம்தான்.

இங்கே அவசரப்பட்டுச் சடங்கையே தூக்கி எறியச் சொல்கிறவர்களோடு நான் சேர மாட்டேன். சடங்கு வீண் என்று நினைப்பவன் மனிதனைப் பற்றிக் கொஞ்சம்தான் தெரிந்தவன். வால்டர் பாஜட் 1867ல் ஆங்கில அரசியலமைப்பைப் பற்றி எழுதிய நூலில், ஓர் அரசுக்கு மரியாதையைச் சுமக்கும் பகுதி, வேலையைச் செய்யும் பகுதி என்று இரண்டு உண்டு என்றார். நம் கோயில்களுக்கு இது பழைய செய்தி. மூலவர் கருவறையை விட்டு நகர்வதில்லை. குடையும் சாமரமும் நாயனமும் உற்சவருக்கு. குற்றாலத்தில் சித்திரை விசுவுக்கும் ஐப்பசி விசுவுக்கும், தென்காசியில் மாசி மகத்துக்கும் வீதிக்கு வருபவர் அவர்தான். பல்லக்கில் வரும் அவர் எந்த வீட்டு வழக்கையும் தீர்ப்பதில்லை. வரி போடுவதில்லை. வாய் திறப்பதில்லை. அவருடைய அத்தனை கௌரவமும் அந்த மௌனத்தின் மேல் நிற்கிறது.

மரியாதையையும் அதிகாரத்தையும் இப்படிப் பிரித்துவைப்பதில் ஒரு விவேகம் இருக்கிறது. ஆள்கிறவனே ஆரத்தியையும் வாங்கிக்கொண்டால் என்ன ஆகும் என்பதற்கு நாம் வெளிநாட்டுக்குப் போய் உதாரணம் தேட வேண்டாம். நம் சுவரொட்டிகளே போதும். மரியாதையைச் சுமக்க அதிகாரம் இல்லாத ஒருவர் தனியாக இருப்பது அதிகாரத்தில் இருப்பவருக்கு ஒரு கடிவாளம் என்று வாதிக்கலாம். நானும் அப்படித்தான் நினைக்கிறேன். ஆகவே என் கேள்வி உற்சவர் வேண்டுமா என்பது பற்றியதல்ல. உற்சவரின் செலவை யார், எந்த உரிமையோடு ஏற்கிறார்கள் என்பது பற்றியது.

திருவிழாவில் அதற்கு மண்டகப்படி என்றொரு ஏற்பாடு உண்டு. ஒவ்வொரு நாளும் ஒரு குடும்பமோ ஒரு சமூகமோ ஒரு கடைத்தெருவோ ஏற்பது. ஏற்றவர் நொடித்துப்போகலாம், மனம் மாறலாம், விட்டுவிடலாம். அப்போது அந்த மண்டபத்தில் சாமி நிற்காது. வேறொருவர் முன்வந்தால் நிற்கும். இதைப் பொற்காலமாக்கிக் காட்டும் உத்தேசம் எனக்கு இல்லை. யார் கொடுக்கலாம் என்பதைச் சாதி தீர்மானித்தது. கொடுக்கவே அனுமதிக்கப்படாதவர்களின் தெருவுக்குச் சாமி போகவும் இல்லை. அந்த அவமானம் இன்னும் முழுக்கக் கழுவப்படவில்லை. ஆனால் அந்தக் குறையிலும் ஓர் உண்மை ஒளிந்திருக்கிறது. கொடுக்கும் உரிமைக்காக மனிதர்கள் சண்டை போட்டிருக்கிறார்கள். கவர்னர் மாளிகைச் செலவில் தன் பங்கைக் கொடுக்க எவனும் சண்டை போட்டதாக நான் கேட்டதில்லை.

தென்காசியில் இதற்கு இன்னும் பழைய சாட்சி ஒன்று கல்லில் இருக்கிறது. பராக்கிரம பாண்டியன் 1446ல் விசுவநாதர் கோயிலைத் தொடங்கினான். 1457ல் கோபுரத்துக்கு அடி போட்டான். 1463ல் இறந்துபோனான். மதுரையை இழந்து தெற்கே ஒதுங்கிவிட்ட வம்சம் அது. இவனுக்குப் பின்னால் வந்தவர்கள் நாயக்கர்களுக்கு அடங்கி, பாண்டியன் என்ற பட்டத்தை மட்டும் சுமந்தார்கள். அந்த வரிசையில் வந்த அதிவீரராமன் நைடதம் எழுதினான்; அதிகாரம் வற்றிய முடியிலிருந்து ஒரு காவியமாவது வந்தது. பராக்கிரமன் தன் கல்வெட்டில், பிற்காலத்தில் இந்தக் கோயிலுக்குக் குறை நேர்ந்து அதைச் செப்பனிடுபவர் எவரோ அவர் பாதத்தில் தான் இப்போதே விழுவதாகச் சொல்லிவைத்திருக்கிறான். பராமரிப்புச் செலவைப் பற்றி ஓர் அரசன் பேசிய பேச்சு இது. பின்னால் வருகிறவர்கள் மேல் அவன் அதைச் சுமத்தவில்லை, கெஞ்சினான். நான் வளர்ந்த காலத்தில் அது மொட்டைக் கோபுரம். பிளந்து நின்றது. 1990ல்தான் மறுபடி எழுந்தது, நன்கொடைகளால். ஐந்நூறு வருஷத்துக்கு மேல் கழித்துச் சிலர் சம்மதித்தார்கள். சம்மதிக்காமலும் இருந்திருக்கலாம். அந்தக் கும்பிடுக்கு மதிப்பு வருவது அதனால்தான்.

தென்காசியிலிருந்து மேற்கே ஐந்து கிலோமீட்டரில் குற்றாலம். அங்கே ஓர் அரண்மனை இருக்கிறது. திருவிதாங்கூர் மகாராஜாக்கள் சாரலுக்கு வந்து தங்கக் கட்டியது. குற்றாலம் அன்றைக்கும் அவர்கள் ராஜ்யத்தில் இல்லை, பிரிட்டிஷ் திருநெல்வேலி ஜில்லாவில் இருந்தது. பக்கத்துச் செங்கோட்டை மட்டும் திருவிதாங்கூர். 1949 ஜூலை 1ஆம் தேதி திருவிதாங்கூர்-கொச்சி உருவானபோது மகாராஜா அதற்கு ராஜப்பிரமுகர் ஆனார். ஆளாமல் தலைமை தாங்கும் பதவி, கவர்னருக்குச் சமமானது. 1956 நவம்பர் 1ஆம் தேதி மாநிலங்கள் மாற்றி அமைக்கப்பட்டன. அந்தப் பதவி அரசியல் சட்டத்திலிருந்தே நீக்கப்பட்டது. செங்கோட்டை சென்னை ராஜ்யத்துக்கு வந்தது. செங்கோட்டைக்காரர்கள் ஒரு ராத்திரியில் ராஜப்பிரமுகரிடமிருந்து கவர்னரிடம் வந்துசேர்ந்தார்கள். ஆரியங்காவுக் கணவாய்க் காற்று எப்போதும்போல் அடித்தது. சடங்குத் தலைவர் ஒருவரை நீக்கினால் வானம் இடிந்து விழாது என்பதற்கு எங்கள் பக்கத்து ஆதாரம் இது.

ஆனால் பதவி போனதும் செலவு போய்விடவில்லை. திருவிதாங்கூர் மன்னருக்கு ஆண்டுக்கு 18 லட்சம் ரூபாய் மானியம், வரி இல்லாமல், இந்தியத் தொகுப்பு நிதியிலிருந்து. ராஜப்பிரமுகர் பதவிக்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை. அது ராஜ்யத்தை இணைத்ததற்கான வாக்குறுதி. அதுவும் ஓட்டுக்கு அப்பாற்பட்ட செலவுதான். அதை நீக்க முயன்ற மசோதா 1970ல் ராஜ்யசபையில் ஒரு ஓட்டுக்கும் குறைவான வித்தியாசத்தில் தோற்றது. அடுத்து வந்த ஜனாதிபதி உத்தரவை சுப்ரீம் கோர்ட் செல்லாததாக்கியது. 1971ல் 26ஆவது திருத்தம் வந்துதான் முடிந்தது. குற்றாலத்து அரண்மனை இன்னும் கேரள அரசின் சொத்து. தமிழ்நாட்டு மண்ணில், சாரலில் ஊறும் ஓடுகளை, கேரளத்து வரிப்பணம் மாற்றிக்கொண்டிருக்கிறது. அந்தச் செலவு வேண்டாம் என்று திருவனந்தபுரம் சட்டசபை நினைத்தால் அந்த மானியத்தை வெட்டலாம். கப்பத்துக்கும் செலவுக்கும் வித்தியாசம் அவ்வளவுதான், ஆனால் அது பெரிய வித்தியாசம்.

கவர்னரின் செலவை ஏன் ஓட்டுக்கு வெளியே வைத்தார்கள்? அதே பட்டியலில் ஹைகோர்ட் நீதிபதிகளின் சம்பளமும் இருக்கிறது. அதன் நியாயம் தெளிவானது. அரசுக்கு எதிராகத் தீர்ப்பு எழுதவேண்டியவரின் சம்பளத்தில் அரசு கை வைக்கக்கூடாது. கவர்னரோ மந்திரிசபையின் ஆலோசனைப்படி நடக்கவேண்டியவர். 1949ல் அரசியல் நிர்ணய சபை, தேர்ந்தெடுக்கப்பட்ட கவர்னர் என்ற யோசனையைக் கைவிட்டு நியமனத்துக்கு மாறியபோது, தேர்ந்தெடுக்கப்பட்டால் முதலமைச்சரோடு போட்டி போடுவார் என்பது அவர்களுடைய அச்சங்களில் ஒன்று. அவர் போட்டி போடக்கூடாது என்பதற்காகவே நியமித்தார்கள். போட்டி போடாதவருக்கு நீதிபதிக்குரிய கவசம் எதற்கு? அவர் அலங்காரமானால் கவசம் தேவையில்லை. கவசம் தேவைப்படும் அதிகாரம் அவருக்கு உண்டானால் அவர் அலங்காரம் அல்ல, யாருக்காவது பதில் சொல்லியாக வேண்டும். இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்க மறுத்ததுதான் இந்தப் பதவியின் பிறவிக்குறை.

அந்தக் குறையின் விலையைச் சமீபத்தில் பார்த்தோம். 2023 நவம்பரில் சட்டசபை இரண்டாம் முறை நிறைவேற்றி அனுப்பிய 10 மசோதாக்களுக்கு கவர்னரின் கையெழுத்துக் கிடைக்கவில்லை. 2025 ஏப்ரல் 8ஆம் தேதி சுப்ரீம் கோர்ட் அவை ஒப்புதல் பெற்றதாகவே கொள்ளப்படும் என்றது. அதே ஆண்டு நவம்பரில், ஜனாதிபதி கேட்ட கேள்விகளுக்குப் பதிலளித்த ஐந்து நீதிபதிகள் அமர்வு, கோர்ட்டு காலக்கெடு விதிக்க முடியாது, கருதப்பட்ட ஒப்புதல் என்று ஒன்றும் கிடையாது என்றது. சட்ட நுணுக்கத்தை வக்கீல்களிடம் விடுகிறேன். எனக்குப் படுவது இது: பல்லக்கில் இருக்கும் உற்சவர் இறங்கிவந்து தெருவை மறித்துக்கொண்டால், பல்லக்குத் தூக்கிகள் இரண்டு முறை கொடுக்கிறார்கள். தூக்கிய கூலி ஒன்று. போக முடியாமல் நின்ற நேரம் மற்றொன்று. நாம் ஒரு மௌனத்துக்கு விலை கொடுத்துவந்திருக்கிறோம். அந்த மௌனம் கலைந்தால் விலையைத் திரும்பக் கேட்கும் வழியும் இருந்தாக வேண்டும்.

வழி இல்லாமல் இல்லை. ஜப்பானியச் சக்கரவர்த்தியைவிடப் பழைய சடங்குத் தலைமை இன்று உலகத்தில் அரிது. 1947ல் நடைமுறைக்கு வந்த அந்நாட்டு அரசியல் சட்டம் அவரை ஒரு சின்னமாக மட்டும் வைத்தது. கூடவே, அரண்மனைச் சொத்து அனைத்தும் அரசுடையது, அரண்மனைச் செலவு அனைத்தும் பார்லிமெண்டின் ஒப்புதலுக்கு உட்பட்டது என்றது. சூரிய வம்சம் என்று சொல்லிக்கொண்டவர் தன் செலவுக்குப் பிரதிநிதிகளின் சம்மதத்துக்குக் காத்திருக்கிறார். அதனால் அவர் மரியாதை குறைந்ததாகத் தெரியவில்லை. நாம் செய்தது என்ன? 2025 முடிவதற்குள் ராஜ்பவன்களுக்கு லோக் பவன் என்று பெயர் மாற்றினோம். மக்கள் பெயர் பலகைக்குப் போயிற்று. மக்களின் ஓட்டு 203ஆம் ஷரத்துக்கு வெளியே நிற்கிறது.

குற்றாலம் ரோட்டில் யாரோ ஒரு பெரிய மனிதர் வருகைக்காக ஓரமெல்லாம் சுண்ணாம்புக் கோடு போட்டுக்கொண்டிருந்த ஒருவரிடம் யார் வருகிறார் என்று ஒரு தடவை கேட்டேன். ‘யாரோ பெரியவுக வாராவளாம், அண்ணாச்சி. யாரா இருந்தா நமக்கென்ன? கோடு நேரா விழணும்.’ அவரிடம் வெறுப்பு இல்லை, பக்தியும் இல்லை. அவர் முகத்தில் இருந்தது கப்பம் கட்டுபவனின் நிதானம். தேர் வடத்தைப் பிடிக்கும்போது அதே மனிதர் வேறு மாதிரி இருப்பார் என்பது எனக்குத் தெரியும்.

ஆகவே என் கோரிக்கை சின்னது. பதவியை ஒழிக்கச் சொல்லவில்லை. வருஷத்துக்கு ஒரு முறை அந்தச் செலவு சட்டசபையின் முன் மானியக் கோரிக்கையாக வரட்டும். பெரும்பாலான வருஷங்களில் அது விவாதமே இல்லாமல் நிறைவேறும். தலைக்குச் சில காசுகளை மறுக்கும் அற்பத்தனம் நம்மிடம் இல்லை. மறுக்கப்படும் ஒரு வருஷம் வரலாம். அந்த வருஷம் ஏன் வந்தது என்று பல்லக்கில் இருப்பவர் யோசிக்க வேண்டியிருக்கும். ஒரு பாண்டியன், முகம் தெரியாதவர்கள் காலில் விழுந்து கேட்டுக்கொண்டதை, கவர்னர் மாளிகை எங்கள் சட்டசபையிடம் ஒரு தாளில் எழுதிக் கேட்கலாம்.